மாத்துத் துணியின் ஓரம்

மகளை வேலூரில் ஒரு விடுதியில் சேர்க்கிறோம். துணி ஒவ்வொன்றிலும் அவளுடைய எண் இருக்க வேண்டும் என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சொன்னார். அதற்காக நாங்கள் சிரமப்பட வேண்டியதில்லையாம். முதல் நாள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் விடுதிக்கு வரும் சலவைக்காரரே குறி போட்டுவிடுவாராம்.

“வேணாங்க. நான் வீட்லயே நூல்ல தெச்சுக் கொண்டாந்துடறேன்” என்றேன்.

“எல்லாப் பொண்ணுங்களுக்கும் அவருதாம்மா போட்றாரு. எத்தினி தோச்சாலும் அழியாது.”

“அதுக்குத்தாங்க வேணாங்கறேன்.”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. மேசைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தைக்க உட்கார்ந்துவிடுகிறேன். வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூல், கலர் துணிக்கு வெள்ளை நூல். மகள் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள்.

“கர்சீப்புக்கும் தெக்கணுமா?”

“தெக்கணும்.”

“சாக்ஸுக்கு?”

“அதுக்குந்தான்.”

“அப்படியே என் நெத்தியிலயும் ஒண்ணு தெச்சு வுட்று. நானும் தொலைஞ்சு போவாம இருப்பேன்.”

அவளுடைய இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்று வெளுப்பு. தடவினால் தெரியாது, வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அது எப்படி வந்தது என்று அவளுக்கு இரண்டு வரியில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சொன்னதில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஜமுனாமரத்தூரில் ஆசிரியையாக இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. மலைக்காரர்களிடமிருந்து புளி, கடுக்காய், தேன், சேங்கொட்டை எல்லாம் வாங்கிக் கீழே அனுப்பும் சங்கம் ஒன்றின் கிடங்கில் என் கணவர் கணக்கராக இருந்தார். கல்யாணமாகிப் பல வருஷங்கள் குழந்தையில்லை. முதலில் ஊரெல்லாம் விசாரித்தது, பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டது. விட்டுவிட்ட பிறகுதான் இவள் பிறந்தாள். நான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வயதில் வந்த குழந்தை என்பதால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பச்சைக் குழந்தையின் தோல் நம்முடையதைவிட மிகவும் மெல்லியது என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததிலிருந்து அந்தத் தோலைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் ஒரு நரம்பு நீலமாகத் தெரியும். காது மடலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் சிவப்பாக ஒளி ஊடுருவும். நான் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். கணவர் தினமும் முகம் மழித்தாலும் கன்னத்தைக் குழந்தைமேல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் சரிகை வைத்த கவுன் ஒன்று கொடுத்தார். அதை நான் போட்டுவிடவே இல்லை. பாசிப்பயற்று மாவை மெல்லிய துணியில் சலித்து, சலித்ததை மறுபடி சலித்துத்தான் குளிப்பாட்டுவேன். மலைக்காற்றில் கன்னம் வெடிக்கும் என்று வெளியே கொண்டுபோகவும் மாட்டேன்.

என் கணவருடைய வீடு அடிவாரத்தில், ஆலங்காயத்தில் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சலவைக்காரர் மாத்து கொண்டுவந்து கொடுப்பார். மாத்து என்றால் நன்றாக வெளுத்த பழைய வேட்டிகள். தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் அதில்தான் படுக்க வேண்டும். வீட்டுத் துணியில் படுக்கக்கூடாது. அழுக்கானால் அவரே எடுத்துப் போவார், வேறு கொண்டுவருவார். தீட்டுக் கழிந்ததும் மாத்தும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் நிற்கவில்லை. கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அதை நிறுத்த விடவில்லை. குடும்பத்தில் எல்லாவற்றையும் முன்னின்று செய்கிறவர் அவர்தான். எனக்கும் அந்தத் துணிமேல் ஆசை வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் யார் யாரோ கட்டி, வெளுத்து, வெள்ளாவியில் வெந்து, நூலெல்லாம் தளர்ந்துபோன துணி. கையில் எடுத்தால் எடையே தெரியாது. குழந்தையின் உடம்பில் படத் தகுந்தது என்று நான் ஒப்புக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

விடுப்பு முடிந்து நான் மலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் அண்ணி அந்த வேட்டிகள் அத்தனையையும் சலவைக்காரரிடமிருந்து எங்களுக்கே வாங்கிவிட்டார்.

“இது இனிமே எங்க வூட்டுத் துணி” என்று அவரிடம் சொன்னார். “மலையிலேர்ந்து வர்ற மூட்டை எவன் வூட்டுத் துணியோட கலக்குமோ, இன்னா சீக்கோ. எங்க குறியப் போட்டுக் குடு.”

“எல்லாத்துக்குமாங்க? ரெண்டா நாலா கிழிச்சி வெச்சிக்கீறீங்களே.”

“ஒண்ணு வுடாத போடு. ஒரு துண்டு கொறஞ்சா உன்னியத்தான் கேப்பேன்.”

அவர் ஒன்றும் விடாமல் போட்டார். எங்கள் வீட்டுக் குறி மூன்று புள்ளி, அவற்றுக்குக் கீழே இடப்பக்கம் சரிந்த ஒரு கோடு. துணியின் மூலையில் போடுவார்கள். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தினால் எண்ணெய் மாதிரி ஒரு பால் வரும். அதைத் துணியில் வைத்து மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளாவிக்கும் போகாது.

மலையில் துணி வெளுப்பதற்கு அண்ணி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வாரம் ஒருமுறை ஆலங்காயம் பஸ்ஸில் அழுக்கு மூட்டை இறங்கும், வெளுத்த மூட்டை ஏறும். ஓட்டுநர் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். எனக்குப் பக்கத்து வீட்டில் சாமை பயிரிடும் மலைக்குடும்பம் ஒன்று இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அந்த வீட்டுப் பெண்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு இந்த மூட்டை ஒரு தமாஷ்.

“எங்க பெரியவருக்கு ஒடம்பு முடியலன்னு கீழ போவ பஸ்ல எடம் கெடைக்கல. டீச்சர் வூட்டுப் பீத்துணி சீட்டு புடிச்சிப் போவுது.”

“நீ சிரி. உன் பேரனுக்கும் தரேன்.”

“வேணாம் டீச்சர். எங்க பசங்க தோலு ஆட்டுத்தோலு.”

மலைக்கு வந்து சில நாட்களில் குழந்தையின் இடது இடுப்பில் சிவப்பாகத் தடித்தது. கொசு என்று நினைத்தேன். மறுநாள் அது அகன்று, மேலே மணல் தூவினாற்போலச் சிறுசிறு பொரியாக இருந்தது. வேர்க்குரு என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். பவுடரை நிறுத்தினேன். பிறகு பாசிப்பயற்று மாவை நிறுத்தினேன். பிறகு என் பாலில்தான் கோளாறு என்று தோன்றியது. கத்தரிக்காய், கருவாடு, புளி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி மோர்ச்சோற்றில் வந்து நின்றேன். இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அறுத்தேன். கையில் கட்டியிருந்த வசம்பை அவிழ்த்தேன். சாம்பிராணிப் புகை வேண்டாம் என்றேன்.

எதை நிறுத்தினாலும் துணியை மட்டும் அதிகமாக்கினேன். ஈரம் பட்டதும் மாற்றினேன். இரண்டாக மடித்த இடத்தில் நாலாக மடித்தேன். முக்கோணமாக மடித்து இரண்டு பக்கத்தையும் இழுத்து இடது இடுப்பில் முடிச்சுப் போடுவது என் வழக்கம். எனக்குக் கைவாக்கு அப்படி.

பொரி கொப்புளமானது. கொப்புளம் ஒன்றோடொன்று சேர்ந்தது. கணவர் கீழே போய் அண்ணியிடம் சொல்ல, அண்ணி மறுநாள் பஸ்ஸில் வந்துவிட்டார். வந்தவர் காலைக் கழுவிவிட்டுக் குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது சீக்கு இல்லம்மே. ஆத்தா வந்திருக்கா.”

மலையில் இருந்த சிறிய மருத்துவமனையில் அந்த வாரம் டாக்டர் கீழே போயிருந்தார். கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். பெரியம்மையை ஒழிப்பதற்காக, அம்மைக் கொப்புளம் என்றாலே சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து துருவித் துருவிக் கேட்ட காலம் அது. அதனால் அவரும் கவனமாகவே பார்த்தார்.

“அம்மை மாதிரி தெரியலீங்களே. அம்மைன்னா ஒடம்பு பூரா எறங்கும். இது ஒரே பக்கமா கீது.”

“நீ இன்னா, ஆத்தாளுக்கு வழி காட்றவனா? எங்க எறங்கணும்னு அவளுக்குத் தெரியும்.”

“அதுக்கில்லம்மா. இந்த மருந்தத் தடவிப் பாருங்க. எரிச்சல் அடங்கும்.”

“அத வெச்சிட்டுப் போ. ஆத்தா எறங்கினப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் வெள்ளை மருந்து அடங்கிய சீசாவை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அண்ணி நிலையில் வேப்பிலை செருகினார். அந்தச் சீசா வேப்பிலைக்கு அந்தப் பக்கமே நின்றது. யாரும் அதை உள்ளே எடுக்கவில்லை.

அம்மை வந்த வீட்டில் என்னவெல்லாம் கூடாது என்று எனக்கும் தெரியும். தாளிக்கக் கூடாது. சோப்பு, எண்ணெய் கூடாது. தலை வாரக் கூடாது. கலர் துணி கூடாது. பிறர் வரக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். குழந்தைக்கு இடுப்புத் துணி கட்ட வேண்டாம், ஆத்தாளுக்கு மூச்சு முட்டும் என்றார் அண்ணி. மாத்துத் துணிகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே வேப்பங்கொழுந்தைப் பரப்பி, அதில் உடம்போடு கிடத்தினார். கொழுந்து வாடியதும் தள்ளிவிட்டு வேறு போடுவார். துணியையும் மாற்றுவார். பெட்டியிலிருந்து நல்ல வெளுப்பாகப் பார்த்து எடுப்பார்.

நான் நம்பினேனா என்று மகள் ஒருமுறை கேட்டாள். நம்பினேன். பாதியாவது நம்பினேன். அம்மை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் விடுகிற நாள் ஒன்று வரும், அதோடு முடியும். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்த வழியில் அப்படி ஒரு நாள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு என் இடது முன்கையின் உட்புறத்தில் அரிப்பு எடுத்தது. குழந்தையை இடுக்கும்போது அதன் இடுப்பும் சுற்றிய துணியும் படும் இடம். தடித்து, ஓரிரண்டு கொப்புளமும் வந்தது. அண்ணி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“பாத்தியா? உனக்கும் முத்து போட்டுட்டா. கொழந்திய தனியா வுட மாட்டா அவ.”

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து என் கையில் அப்பினார்.

குழந்தைக்கு இப்போது முதுகிலும் வந்துவிட்டது. பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் வந்தது. முகத்தில் ஒன்றுமில்லை, மார்பில் ஒன்றுமில்லை. கம்பவுண்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, போய்விட்டது. கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. உடைந்த இடத்தில் துணி ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் சொட்டி, நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது அவள் கத்துவாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோகும்.

ஒரு நாள் காலையில் துணியை உரித்தபோது அவள் கத்தவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். உடம்பு கொதித்தது. மார்பில் வாயை வைத்தால் பிடிக்கவில்லை. பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

நான் எழுந்து, பையை எடுத்தேன்.

“மத்தியான பஸ்ல கீழ கூட்டிட்டுப் போறேன்.”

“இன்னா பேசற நீ?” என்றார் அண்ணி. “அம்மை போட்ட கொழந்திய மலை எறக்குவியா? தண்ணி வுடாம வாசப்படி தாண்டலாமா?”

“பால் குடிக்கல அண்ணி.”

“அவளுக்குப் பசிச்சா குடிப்பா. படிச்சவன்னு ஆத்தாகிட்ட காட்டாத. அவ கோச்சுக்கினா உன்னால தாங்க முடியாது.”

கணவர் நடுவில் நின்றார். அவர் எப்போதும் நிற்கிற இடம் அது.

“அக்கா சொல்றதும் சரிதான். இன்னும் ஒரு நாள் பாத்துட்டு…”

“நீங்க பாத்துட்டு வாங்க. நான் போறேன்” என்றேன். சத்தமாகச் சொன்னதாக நினைவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டுநரைப் பார்த்து முன்னால் இடம் சொல்லிவைக்கப் போனார்.

கிளம்ப வேண்டுமென்று கையிலிருந்த பச்சிலைப் பற்றைக் கழுவினேன். ஈரக்கையோடு பெட்டியின் முன் உட்கார்ந்து, வழிக்கு வேண்டும் என்று மாத்துத் துணிகளை எடுத்து மடியில் அடுக்கினேன். மேலே இருந்த துணியின் மூலை என் முன்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

துணியில் மூன்று புள்ளி, கீழே இடப்பக்கம் சரிந்த கோடு. என் கையில் வீக்கத்தின் நடுவில், மற்ற இடத்தைவிடக் கறுத்து, மூன்று புள்ளி. அவற்றுக்குக் கீழே வலப்பக்கம் சரிந்த ஒரு கோடு. முத்திரையை அழுத்தி எடுத்தால் விழுவதுபோல் இடவலம் மாறி இருந்தது.

என் கணவர் சாப்பிடும்போது சொல்லியிருந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கிடங்கில் சேங்கொட்டை மூட்டை தூக்குகிறவர்கள் கைக்கும் கழுத்துக்கும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் தூக்குவார்கள். புதிதாக வந்த ஒருவர் பூசாமல் தூக்கிவிட்டு, அதே கையால் முகத்தைத் துடைக்க, கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தார். அந்தக் கதையைக் கேட்டு நாங்கள் சிரித்திருந்தோம். அந்தக் கொட்டைதான் கீழே போய், கடைக்கு வந்து, ஊசியில் ஏறி, வெளுத்த துணியில் உட்கார்ந்து, பஸ்ஸில் மறுபடி மலைக்கு வந்திருக்கிறது.

பழைய குறி என்றால் வெளுத்து வெளுத்து வீரியம் போயிருக்கும். இவை புதிதாக, ஒன்றுவிடாமல் போட்டவை. இடது இடுப்பு முடிச்சின் கீழே எப்போதும் ஒரு மூலை அழுந்தியது. பிறகு அடுக்கடுக்காக விரித்த துணிகளில் முதுகு முழுவதும் அழுந்தியது.

குழந்தையை அதிலிருந்து தூக்கினேன். என் புடவைகளை நான் எப்போதும் கிணற்றடியில் நானே துவைத்துக்கொள்வேன்; சாயம் போகும் என்று வெளுக்கப் போடுவதில்லை. பழைய நீலப் புடவை ஒன்றைக் கிழித்து அவளைச் சுற்றினேன்.

“கலர் துணியா?” அண்ணி ஓடிவந்தார். “அம்மை போட்ட ஒடம்புலயா?”

“அண்ணி, இதப் பாருங்க.” கையையும் துணியின் மூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். துணியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் கண் கலங்கியது.

“எங்க வூட்டுக் குறி” என்றார். “ஆத்தா எங்க வூட்டுக் குறியவே போட்டிருக்கா பாரு.”

விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஆனால் அந்த அடையாளத்தைக் கண்ட பிறகு அவர் தடுக்கவும் இல்லை. ஆத்தா தங்கள் வீட்டைச் சேர்ந்தவள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது; வீட்டைச் சேர்ந்தவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். தானும் வருவதாகச் சொல்லிப் புடவையை உதறிக் கட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறும்போது குழந்தையைச் சுற்றிய புடவையில் அவர் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார். நான் எடுக்கவில்லை. அதைக் கண்டதும் முன்னிருக்கைகளில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். சிலர் கும்பிட்டார்கள். நெருக்கியடித்துக்கொண்டிருந்த பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. கண்டக்டர் எங்கள் பக்கம் வரவே இல்லை. மலை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். எங்கே பிடித்தாலும் புண். உள்ளங்கைகளை விரித்து ஏந்திக்கொண்டுதான் வந்தேன். கை மரத்துப் போனது ஆலங்காயம் வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே இறங்காமல் வாணியம்பாடிவரை போனோம்.

வாணியம்பாடியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். அவர் முதலில் குழந்தையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். நான் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோயிருந்த துணியை இடுக்கியால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

“சேங்கொட்டையா?”

“ஆமாங்க.”

“சட்டைக் காலர்ல குறி போட்டுக் கழுத்துல வந்தவங்கள பாத்திருக்கேன். இத்தன சின்னக் கொழந்தைக்கு இப்பத்தான் பாக்கறேன்.” பிறகு நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “புண்ணுல சீழ் புடிக்க ஆரம்பிச்சிருக்கு, அதான் ஜொரம். இன்னும் ரெண்டு நாள் இதே துணியில போட்டிருந்தீங்கன்னா…”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஊசி மருந்தை எடுக்கப் போய்விட்டார். அதை நான் பல வருஷங்களாக விதவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கொதிக்க வைத்த துணியில்தான் கிடத்தினார்கள். முரட்டுத் துணி. கோணிக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. நான் இருந்த மனநிலையில், அந்த முரட்டுத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து நர்ஸிடம், “இது குத்தாதுங்களா?” என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் துணியில்தான் ஆறியது. முதலில் காய்ச்சல் விட்டது. பிறகு ஒரு சாயங்காலம் அவளாகவே வாயைத் திருப்பித் தேடினாள். பால் குடிக்கும் சத்தம் கேட்டு அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகு சீக்கிரம் ஆறிவிட்டது. முதலில் வந்த இடுப்புப் புண்தான் கடைசிவரை இருந்தது. தழும்பும் அங்கேதான் நின்றது.

நாங்கள் ஆலங்காயத்தில் தங்கியிருந்தபோது சலவைக்காரர் வந்தார். கணவர் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை; வாசலிலேயே நின்றார்.

“கொழந்தியப் பாக்கலாமாங்க?”

எனக்குக் காட்ட மனமில்லை. பிறகு தூக்கிக்கொண்டு வந்து இடுப்பைத் திறந்து காட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் கைகளை முன்னால் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். விரல் நுனிகள் கறுத்து, தோல் தடித்து, நகத்தைச் சுற்றி வெடித்திருந்தன.

“எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கையாலதாங்க வெக்கறேன். எனுக்கு ஒண்ணும் பண்ணலீங்க. அதனால தெரியல.”

“நீ இன்னா பண்ணுவ? ஆத்தா வேல அது” என்றார் அண்ணி உள்ளிருந்து.

அவர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதை ஒப்புக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை எங்கள் வீட்டுத் துணி வந்தபோது பெரியவர்கள் வேட்டியில்கூடக் குறிக்குப் பதில் மூலையில் ஒரு நூல் முடிச்சு இருந்தது.

மலைக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“சேங்கொட்டைன்னா நாங்க மரத்தடியில கூட ஒக்காற மாட்டோம் டீச்சர். வெளுத்த துணியில அது ஒக்காந்துகினு இருக்கும்னு யாரு கண்டா?” பிறகு, “அப்ப இனிமே பஸ்ல மூட்டை போவாதா?” என்றாள்.

“போவாது.”

“டிரைவருக்கு ஜாலி.”

அந்த வேட்டிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்கும் கொடுக்க முடியாது, எரித்தால் புகையும் ஆகாது என்றார் கணவர். கிடங்குக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்.

ஆடி மாதம் அண்ணி எங்கள் பெண்ணின் பேரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார். முதல் வருஷம் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நானும் போகிறேன். கூழ்ப்பானையைப் பிடித்துக்கொள்கிறேன். மூன்று புள்ளி என் கையில் விழுந்த கதையை அவர் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சொல்வார். என் கையைத் தூக்கியும் காட்டுவார். என் கையில் இப்போது ஒன்றும் இல்லை. அவர்கள் இருப்பதாகவே பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.

குறி போட்ட துணி எதுவும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. வெளியூரில் தங்கினால் படுக்கை விரிப்பின் மூலைகளைத் திருப்பிப் பார்ப்பேன். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூட்டைப்பூச்சி தேடுகிறேன் என்று நினைத்து அந்த வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் சலவைக்காரர்களும் மையில்தான் எண் போடுகிறார்கள், சேங்கொட்டையை யார் தேடிப் போகிறார்கள் என்று கணவர் சொல்கிறார். இருக்கலாம். விடுதி அம்மாள் ‘அழியாது’ என்று சொன்னபோது எந்த மை என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

நேற்று கடைசித் துணியும் முடிந்தது. மகள் ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஒரு பாவாடையின் இடுப்புப் பட்டியில் என் தையலைப் பார்த்து, “நல்லாத்தாம்மா இருக்குது, பூ மாதிரி” என்றாள். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. போட்டுப் பார்க்கிறேன் என்று சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். நான் பட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நூலை முடிந்த இடம் கடுகளவு உருண்டையாக உறுத்தியது. கட்டினால் இடது இடுப்பில், தழும்புக்கு நேராக வரும்.

“கழட்டு” என்றேன்.

“எதுக்கு?”

“முடிச்சு உள்பக்கம் இருக்குது.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். அடுக்கி முடித்திருந்தாள். “எல்லாத்துலயுமா?” என்றாள்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு விளக்கருகில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவளே பாவாடையைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து மற்றவற்றையும் எடுக்கத் தொடங்கினாள்.